இரண்டாவது பிரேக்

என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். தெருவில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். எனக்கு மட்டும் அவ்வப்போது வேறு பெயர்கள் தோன்றும், அவற்றை எழுத்தில் வைக்க முடியாது.

புதிதாகச் சேருகிறவர்களை முதல் நாள் இவர் வண்டியைத் தொடவே விடமாட்டார். வீட்டின் கீழ்த்தளம்தான் ஆபீஸ். அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, ரோட்டில் என்னவெல்லாம் கெட்டது நடக்கலாம் என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்வார். டயர் வெடிக்கலாம். நாய் குறுக்கே ஓடலாம். எதிரே வருகிறவன் தூங்கிவிடலாம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற வண்டி நடுரோட்டில் படுத்துக்கொள்ளலாம். சொல்லச் சொல்ல முகம் வெளிறிவிடும். சிலர் மறுநாள் எட்டிப் பார்க்கமாட்டார்கள். மிஞ்சியவர்களுக்கு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு இவர் பாடத்தை ஆரம்பிப்பார்.

"எல்லாத்தையும் ஒரு தடவ மனசுல பாத்துட்டீங்கல்ல? இனிமே எது வந்தாலும் உங்களுக்குப் புதுசு இல்ல. ரோடு உங்களுது கெடையாது. மழ உங்களுது கெடையாது. எதிர்ல வர்றவன் புத்தியும் உங்களுது கெடையாது. உங்க கையும் காலும்தான் உங்களுது. அத ஒழுங்கா வச்சுக்குங்க. மத்தது நடக்கறபடி நடக்கட்டும்."

மாடியில் காய் நறுக்கிக்கொண்டே இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். ஒருநாள் இவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் நானே இறங்கிப் போய் ஒப்பித்துவிடுவேன்.

இவ்வளவு வாய் கிழியப் பேசுகிறவர் வண்டியில் ஏறியதும் செய்கிற ஒரே வேலை பிரேக் மிதிப்பது. பயிற்சி வண்டியில் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு, சொல்லிக்கொடுக்கிறவர் ஆபத்துக்கு மிதிப்பதற்காக. இவருக்கு எல்லாமே ஆபத்துதான். தூரத்தில் ஒரு சைக்கிள் தெரிந்தால் போதும், ஓட்டுகிறவர் யோசிப்பதற்குள் இவர் கால் கீழே போய்விடும். இவரிடம் படித்தவர்கள் வளைவில் அழகாகத் திருப்புவார்கள், சுவருக்கும் தூணுக்கும் நடுவில் அளவெடுத்த மாதிரி நிறுத்துவார்கள். ஆனால் நிற்க வேண்டிய இடம் வந்தால் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். வண்டி தானாக நின்றுவிடும் என்பது அவர்கள் காலுக்குள் ஊறிப்போயிருக்கும். கல்யாணமான புதிதில் எனக்கும் கற்றுக்கொடுத்தார். தெருமுனை வரை ஓட்டியது நானா அவரா என்று இன்றுவரை தெரியாது. உங்க வண்டியும் வேண்டாம் நீங்களும் வேண்டாம் என்று இறங்கி வந்துவிட்டேன். வண்டியைத்தான் விட முடிந்தது.

வீட்டிலும் அந்தக் கால் சும்மா இருக்காது. டிவியில் கார் வேகமாகப் போனால் தரையை அழுத்தும். பஸ்ஸில் முன்சீட்டின் அடியை அழுத்தும். காலைத் தூக்கி மேலே வைத்து, ஹாயாகச் சாய்ந்து இவர் உட்கார்ந்ததை நான் பார்த்ததே இல்லை. எப்போதும் இரண்டு பாதமும் தரையில்தான்.

எங்களுக்கு ஒரே மகள். படிப்பை முடித்துவிட்டு அவளும் ஸ்கூலிலேயே சொல்லிக்கொடுக்க வந்துவிட்டாள். அவள் பாணியே வேறு. கடைசி நொடி வரை காலைப் பெடல்மேல் சும்மா வைத்திருப்பாள், மிதிக்கமாட்டாள். அவளிடம் படிக்கிறவர்கள் அலறிக்கொண்டேதான் படிப்பார்கள், ஆனால் தாங்களாகவே நிறுத்தக் கற்றுக்கொள்வார்கள். அப்பாவுக்கும் மகளுக்கும் இதில் தினமும் சண்டை. அந்தச் சண்டையைக் கேட்டபடி பொரியலோ குழம்போ எதையாவது கிளறிக்கொண்டிருப்பதுதான் என் சந்தோஷமாக இருந்தது. அப்போது அது தெரியவில்லை.

முதலில் செருப்புதான் காட்டிக்கொடுத்தது. வலது கால் செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு மாடி ஏறி வந்தாள். "ஒத்தச் செருப்போட எங்கடி ஊர்வலம்?" என்று நான் சிரித்தேன். குனிந்து பார்த்தாள். கழன்றது அவளுக்குத் தெரியவே இல்லை. அப்புறம் அடிக்கடி அப்படி ஆனது. எனக்குச் சிரிப்பு நின்றது.

ஸ்கேன் எடுத்தார்கள். சர்ஜன் ஓர் அம்மாள், சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். முதுகுத்தண்டுக்குள் ஒரு கட்டி.

"கெட்ட கட்டி இல்ல. ஆனா கெட்ட எடத்துல இருக்கு," என்றார். "எடுக்கலன்னா ரெண்டு காலும் கொஞ்சம் கொஞ்சமாப் போயிடும், அதுல சந்தேகம் இல்ல. எடுத்தா நல்லா வரதுக்கு வாய்ப்பு அதிகம். ஆனா எடுக்கும்போது நரம்புல பட்டா ஒரு கால் போகலாம். ரெண்டும் போகலாம். அப்பறம் என்னென்ன ஆகலாம்னு முழுசாச் சொல்லிடறேன், கேட்டுக்குங்க."

இவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அதெல்லாம் எதுக்கு டாக்டர்? சின்னப் பொண்ணு முன்னாடி."

"உக்காருங்கப்பா," என்றாள் மகள். "டாக்டர், நீங்க சொல்லுங்க."

ஒவ்வொன்றாகக் கேட்டாள். நடுவில் சந்தேகம் கேட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை, ஆனால் கண்ணை எடுக்கவில்லை. முதல் நாள் பாடத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளின் முகம் அது. பாடம் நடத்துகிறவரோ ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் நிறுத்துகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்கே மகள் சரி என்று சொல்லிவிட்டாள். தேதியும் குறித்தார்கள். தேதி வரும் வாரத்தில் இவர், இன்னொரு டாக்டரையும் பார்த்துவிடலாம் என்றார். பார்த்தோம். அவரும் அதையேதான் சொன்னார். இவருக்கு அது போதவில்லை. மூன்றாவதாக ஒரு டாக்டரைத் தேடிப் பிடித்தார். அவர், அவசரம் இல்லை, கொஞ்ச நாள் பார்த்துவிட்டு மறுபடி ஸ்கேன் எடுக்கலாம் என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இவருக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. "பாத்தியா, பாத்தியா" என்று எத்தனை தடவை சொன்னார் என்று எண்ண முடியாது. எனக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரிதான் இருந்தது. பெற்றவளுக்கு வேறு எப்படி இருக்கும்? பின்சீட்டில் மகள் மட்டும் தன் வலது முட்டியைக் கையால் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

குறித்த தேதி அப்படியே போய்விட்டது. அதற்குப் பிறகு எதற்கெடுத்தாலும் ஒரு சாக்கு. மழைக்காலம் போகட்டும். அவளுக்குச் சளி பிடித்திருக்கிறது, சரியாகட்டும். அந்த ஆஸ்பத்திரியில் லிஃப்டே ஒழுங்காக வேலை செய்யவில்லை, அங்கே எப்படி நம்பிப் படுப்பது? லிஃப்டுக்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். இவர் கீழே போய், யாரோ ஒரு புதுப் பையனுக்குத் தைரியம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். "உங்க கையும் காலும்தான் உங்களுது" என்ற சத்தம் படியேறி வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரண்டியை அடுப்பு மேடையில் ஓங்கிப் போட்டேன். ஆபீஸில் சட்டென்று பேச்சு நின்றது.

பால் வண்டி விஷயம் நடந்தது அந்த மாதம்தான். அவசரம் இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டதால், மகள் சொல்லிக்கொடுக்கப் போவதை இவர் தடுக்கவில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தருகிற டீச்சர் ஒருவர் இவரிடம் படித்துக்கொண்டிருந்தார். நேரம் ஒத்துவராமல் மகளிடம் மாறினார். காலையில் இருவரும் கிளம்பினார்கள். கடைத்தெருவுக்கு இறங்குகிற சரிவில், கீழே பால் வண்டி நின்று டிரேக்களை இறக்கிக்கொண்டிருந்தது. "பிரேக் போடுங்க டீச்சர்" என்று மகள் சொன்னாள். டீச்சர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். அத்தோடு தன் வேலை முடிந்தது என்று உட்கார்ந்திருந்தார். மாஸ்டரிடம் படித்த கால் அல்லவா, மிச்சத்தைப் பக்கத்து சீட் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருந்தது.

பக்கத்து சீட்டில் என் மகள் மிதித்தாள். வண்டி நிற்கவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தாள். சரிவில் வண்டி போய்க்கொண்டே இருந்தது. குனிந்து பார்த்தால் அவள் கால் பெடலில் இல்லை. பெடலுக்குப் பக்கத்தில், கால்மிதியின்மேல் கிடந்தது. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுப்பதற்குள் முன்பக்கம் போய் பால் வண்டியில் இடித்தது. டிரேக்கள் சரிந்து ரோடெல்லாம் பால் ஓடியது. டீச்சரின் மூக்குக்கண்ணாடி உடைந்தது. மற்றபடி யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பால் இறக்குகிறவர் அந்த நேரம் கடைக்குள் போயிருந்தார்.

மகளையும் வண்டியையும் யாரோ வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். பேயறைந்த மாதிரி சோபாவில் உட்கார்ந்தாள்.

"நான் அழுத்தறேன்னுதான்மா நெனச்சேன்," என்றாள். "நெஜமாவே அழுத்தறேன்னுதான் நெனச்சேன்."

இவர் கீழே வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பம்பரைத் தடவினார், பானெட்டைத் திறந்து மூடினார், ஒன்றுமே ஆகாத பின்பக்க விளக்கைக்கூடத் துடைத்தார். நான் பால்கனியிலிருந்து கத்தினேன். "அந்த டப்பாவ அப்பறம் கொஞ்சலாம், மேல வாங்க!" அதற்குப் பிறகுதான் வந்தார். வாசலிலேயே நின்றார்.

"ஒண்ணும் பெருசா அடி இல்ல. டிங்கரிங் பண்ணா சரியாயிடும்," என்றார்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, அடுத்த திங்கக்கெழம ஆஸ்பத்திரியில சேர்றேன். டாக்டர்கிட்ட ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன்."

"அதுக்குள்ள எதுக்கு? அந்த இன்னொரு டாக்டர் என்ன சொன்னாருன்னா..."

"அவர் சொல்லி எத்தன நாளாச்சு? இன்னிக்கி அந்த ஆளு வெளிய நின்னிருந்தா என்னப்பா ஆயிருக்கும்?"

"இனிமே நீ வண்டியில ஏறாத. வீட்ல இரு. நான் பாத்துக்கறேன்."

"என்னத்தப் பாத்துக்குவீங்க?" அவள் குரல் உடைந்தது. "நீங்க பிரேக் போட்டா நிக்கறதுக்கு இது வண்டியா? உங்க பக்கம் பெடலே கெடையாதுப்பா. நீங்க மிதிக்க மிதிக்க கட்டி அது பாட்டுக்கு வளந்துட்டே போகுது."

நான் குறுக்கே பேச வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஊருக்கெல்லாம் சொல்வீங்களே, நம்ம கையில எது இருக்கு, எது இல்லன்னு. எனக்குன்னு வந்தா மட்டும் அது எங்கப்பா போச்சு?"

இவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு குரலை இவரிடம் நான் கேட்டதில்லை. "அது பாடம்மா," என்றார். "அடுத்தவங்களுக்குச் சொல்றது. உன்ன வச்சுக்கிட்டு நான் எப்படி..." மீதியை மென்று முழுங்கினார்.

"எனக்கு மட்டும் பயம் இல்லன்னு நெனைக்கறீங்களா? காலையிலிருந்து ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டேன். படுத்தா தூக்கம் இல்ல. கால் போயிடுமோ, ஒண்ணுக்குப் போகக்கூட இன்னொருத்தர் வேணுமோன்னு எல்லாத்தையும் நெனச்சுப் பாத்துட்டேன். நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே ஒண்ணு விடாமப் பாத்தேன். அப்படி ஆனாலும் உள்ள நான்தான் இருப்பேன். வேற யாரும் வந்து உக்காந்துக்கப் போறதில்ல." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "போறதா வேணாமான்னு சொல்றது ஒண்ணுதான் இப்ப என் கையில இருக்கு. அதையும் புடுங்காதீங்கப்பா."

சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். வலது கால் தரையில் தேய்கிற சத்தம் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சத்தம் நிற்கும்வரை அவள் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

திங்கட்கிழமை போக டாக்ஸி கூப்பிட்டோம். எங்கள் வண்டி டிங்கரிங்கில் இருந்தது, இன்னொன்றை இவர் ஓட்டுகிறேன் என்றார், சாவியை இரண்டு தடவை கீழே போட்டதைப் பார்த்து நான்தான் வேண்டாம் என்றேன். இவர் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் மகளும் பின்னால். முதல் சிக்னலிலேயே ஆரம்பித்துவிட்டார். ஆட்டோ ஒன்று குறுக்கே ஒடித்துத் திரும்பினால் இவர் கால் அழுத்தும். பஸ் ஒன்று ஹாரன் அடித்தால் இன்னும் அழுத்தும். டாக்ஸிக்காரர் கொஞ்ச நேரம் ஓரக்கண்ணால் பார்த்தார்.

"சார், பாத்து. தகரம் பழசு. ஓட்ட விழுந்துட்டா அப்பறம் ஓடிக்கிட்டேதான் வரணும்," என்றார்.

மகள் பக்கென்று சிரித்துவிட்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்து அவள் என் தோளில் சாய்ந்தாள், அப்புறம் என் புடவையில் ஈரம் பட்டது. சிரிப்பா அழுகையா என்று நான் கேட்கவில்லை, கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முன்னால் இவர் மட்டும் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். காது மடல் சிவந்திருந்தது.

மறுநாள் காலை அவளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். பச்சை உடுப்பில், தலையில் தொப்பியோடு, ரொம்பச் சின்னவளாகத் தெரிந்தாள். ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு முன்னால் இவர் தள்ளுவண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தள்ளிக்கொண்டு வந்தவர் பொறுமையாக நின்றார். "அப்பா, விடுங்க," என்றாள் மகள். விரல் ஒவ்வொன்றாக விட்டது. கதவு மூடியது.

காத்திருக்கிற இடத்தில் இரும்பு நாற்காலிகள், வரிசையாக ஒன்றோடொன்று பிணைத்தவை. யார் அசைந்தாலும் எல்லோரும் அசைய வேண்டும். யாரோ ஒருவர் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். எனக்கு அந்த மனிதர்மேல் காரணமில்லாமல் கோபம் வந்தது. எப்படித் தொண்டையில் இறங்குகிறது? மனதுக்குள் யாரிடம் எதைக் கேட்டேன் என்று எனக்கே தெளிவில்லை. மகளுக்குக் கால் வேண்டும் என்று கேட்டேன். அப்புறம், கால் போனாலும் உயிர் வேண்டும் என்று கேட்டேன். அப்புறம் இப்படிப் பேரம் பேசுகிறேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

நாற்காலி வரிசை லேசாக ஆடிக்கொண்டே இருந்தது. பார்த்தேன். இவர் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. விடாமல், குதிகால் வெளுக்கிற அளவுக்கு. உள்ளே கத்தி வைத்த நேரத்திலிருந்து இவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறார். வேறு எந்த நாளாக இருந்தாலும் ஒரு இடி இடித்திருப்பேன். அன்றைக்கு எனக்கு அந்தக் காலைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் கையை எடுத்து அவர் முட்டிமேல் வைத்தேன். "எடுத்துடுங்களேன்," என்றேன். "முடியலடி," என்றார். அவ்வளவுதான் பேசினோம்.

சாயங்காலம் சர்ஜன் வெளியே வந்தார். கட்டி முழுதாக வந்துவிட்டது என்றார். கால் எப்படி என்று இப்போது சொல்ல முடியாது, மயக்கம் தெளியட்டும், வந்து பாருங்கள் என்றார். அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. நான் ரொம்ப முயற்சி செய்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து எங்களை உள்ளே விட்டார்கள். மகள் மல்லாந்து படுத்திருந்தாள், தலையைத் திருப்பக்கூடாது என்றிருந்தார்கள். கண் பாதி திறந்திருந்தது. நான் தலைமாட்டில் நின்றேன். இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். சர்ஜன் போர்வையை விலக்கிவிட்டு, அவள் இடது உள்ளங்காலில் தன் கையை வைத்தார்.

"அழுத்தும்மா. என் கையத் தள்ளு."

இடது கால் தள்ளியது. எனக்கு மூச்சு வந்தது. சர்ஜன் கையை வலது உள்ளங்காலுக்கு மாற்றினார்.

"இப்ப இது. தள்ளு."

நாங்கள் பார்த்தோம். ஒன்றும் அசையவில்லை.

"தள்ளும்மா."

மகளின் கழுத்து நரம்பு புடைத்தது. கால் அப்படியே கிடந்தது. அமைதியில் தரையில் ஒரு சத்தம் கேட்டது. இவர் செருப்பு தரையில் அரைபடுகிற சத்தம். அவளுக்காக இவர் மிதித்துக்கொண்டிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, இருக்கிற பலத்தையெல்லாம் வைத்து மிதித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா," என்றாள் மகள். நாக்கு குழறியது. கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க கால் எங்க இருக்கு?"

இவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். அது யாருடைய கால் என்பதுபோல ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் தொடையைப் பிடித்து, மரத்துப்போன காலைத் தூக்குகிற மாதிரி வலது காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்தார். இடது காலையும் தூக்கி மடித்துக்கொண்டார். அந்தச் சின்ன நாற்காலியில் சப்பணம் போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மேல வச்சுட்டேன் பாப்பா," என்றார்.

அவள் உதடு கொஞ்சம் விரிந்தது.

"டாக்டர், இன்னொரு தடவ சொல்லுங்க," என்றாள்.

சர்ஜன் மறுபடியும் கையை வைத்தார். "தள்ளும்மா."

என் மகள் தள்ளினாள். அது டாக்டர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நான் பார்க்கவில்லை. நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.